அந்தக் கை எங்கே அழுத்தியது?

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். வயது 27. ஏழு வாரத்துக்கு முன் கொழும்பில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. முதற்பிள்ளை. ஆறாம் மாதத்தில் இருந்து எனக்குச் சீனி இருந்தது. பிள்ளை 4.2 கிலோ. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிவிட்டது. ஒரே சத்தம், ஆட்கள் ஓடி வந்தார்கள், ஒருவர் என் வயிற்றில் கையை வைத்து அழுத்தினார், இன்னொருவர் இழுத்தார். பிறந்ததில் இருந்து பிள்ளை இடது கையைத் தூக்குவதில்லை. "நரம்பு இழுபட்டிருக்கிறது, தன்பாட்டில் சரிவரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிளினிக் இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான். கணவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறார். வழக்குப் போட்டால் கோடிக்கணக்கில் கிடைக்கும் என்கிறார் அவருடைய மாமா. டொக்டர்மாரோடு மோதி வெல்ல முடியாது, பிள்ளையைப் பார் என்கிறார் என் அப்பா. பிரசவ அறையில் நான் கையெழுத்து வைத்த கடதாசியும் இருக்கிறது. எங்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டா? எவ்வளவு காலத்துக்குள் போட வேண்டும்?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நான் சிவப்புப் பேனையால் கோடு போட்டது "அடுத்த கிளினிக் இன்னும் இரண்டு மாதம் கழித்து" என்ற வரிக்கு. வழக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் பார்ப்போம்.

நான் சட்டத்தரணி, டொக்டர் இல்லை. ஆனால் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் இருபது வருடமாக இந்த மாதிரிக் கோப்புகளைப் புரட்டியதில் ஒரு கணக்கு மனப்பாடமாகிவிட்டது. கழுத்தில் இருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்தின் மேல் வேர்கள் இழுபட்டால், பிள்ளை தோளைத் தூக்காது, முழங்கையை மடக்காது. கை உடம்போடு ஒட்டி, உள்ளங்கை பின்பக்கம் பார்த்தபடி கிடக்கும். ஏர்ப் என்ற ஜெர்மன் வைத்தியர் 1874இல் இதை விவரித்தார், அதனால் உங்கள் கார்டில் 'ஏர்ப்ஸ் பால்சி' என்று எழுதியிருக்கக்கூடும். தன்பாட்டில் சரிவரும் என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரிவருகிறது. நரம்பு நீண்டு மட்டும் போயிருந்தால் வாரங்களிலும் மாதங்களிலும் மீளும். அறுந்திருந்தாலோ முள்ளந்தண்டில் இருந்து வேரோடு பிடுங்குப்பட்டிருந்தாலோ தன்பாட்டில் மீளாது. இதில் எது என்று முதல் வாரத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மூன்றாவது மாதத்தில் முழங்கையை மடக்குகிறதா என்று பார்க்கிறார்கள். மடக்கவில்லை என்றால் நரம்புச் சத்திரசிகிச்சை தேவையா என்று அதற்கான நிபுணர் பார்க்க வேண்டும். அதைப் பொதுவாக மூன்றுக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் செய்கிறார்கள். ரொம்பப் பிந்தினால் நரம்பு வளர்ந்து வந்து சேர்வதற்குள் தசை சுருங்கிவிடும்.

இப்போது உங்கள் பிள்ளைக்கு ஏழு வாரம். கொடுத்த திகதிக்குப் போனால் கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆகிவிடும். அது சரிப்படாது. திகதியை முன்னுக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். விரல்களும் அசையாமல் கை முழுதும் துவண்டு கிடந்தாலோ, அந்தப் பக்கத்து இமை இறங்கியிருந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், நாளைக்கே போங்கள்.

அப்புறம் வீட்டில் ஒரு விஷயம். பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வருகிறாரா? நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்து, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே இழுத்து, ஒரு கையையும் எதிர்க்காலையும் சேர்த்து மடக்கி உருவிவிடுவது வழக்கம். "கை வழங்கிப் போகும்" என்று இன்னும் கொஞ்சம் பலமாகவே இழுப்பார்கள். அந்தக் கைக்கு இது கூடவே கூடாது. எந்த அசைவை, எத்தனை தடவை, எவ்வளவு மெதுவாகச் செய்யலாம் என்று பிசியோதெரபிஸ்ட் காட்டித் தருவார், அதை மட்டும் செய்யுங்கள். சட்டை போடும்போது இடது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டாம்.

வாரம் ஒருநாள், ஒரே நாளில், பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி இரண்டு கையும் தெரிய ஒரு நிமிட வீடியோ எடுங்கள். டொக்டருக்கு அது உதவும். எனக்கும் உதவும்.

சரி, இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

பிள்ளைக்குக் காயம் நடந்திருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காயம் நடந்தது வேறு, பிழை நடந்தது வேறு. தோள் சிக்குவது எந்தப் பிரசவ அறையிலும் நடக்கக்கூடியது. தோள் சிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதி 4 கிலோவுக்குக் குறைந்தவர்கள் என்பதால் முன்கூட்டிக் கணிப்பதும் கஷ்டம். சிக்கிவிட்டால் பிள்ளைக்கு மூச்சு இல்லை, நிமிடக் கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். அந்த அவசரத்தில், முறைப்படி எல்லாம் செய்தும்கூட நரம்பு இழுபடுவதுண்டு. பிரித்தானியாவில் இழப்பீடு கேட்டு வந்த இப்படியான கோப்புகளைப் பரிசோதித்தபோது 46 சதவீதத்தில்தான் பராமரிப்பில் குறை இருந்தது என்று கண்டார்கள். கேட்டு வந்தவர்களிலேயே பாதிக்கும் குறைவு. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது வேறு. 46 என்பது சின்னத் தொகையும் இல்லை.

உங்கள் விஷயம் எந்தப் பக்கம் விழும்? நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன விஷயத்தில்தான் பாதி இருக்கிறது: "ஒருவர் வயிற்றில் கையை வைத்து அழுத்தினார்." எங்கே அழுத்தினார்? தோள் சிக்கினால் செய்ய வேண்டியதற்கு ஒழுங்கு உண்டு. தாயின் இரண்டு தொடையையும் மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடிப்பார்கள். ஒருவர் அடிவயிற்றில், பூப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்துவார், உள்ளே மாட்டியிருக்கும் தோள் அதனால் வழுகும். இது சரியான முறை. நெஞ்சுக்குக் கீழே, கருப்பையின் உச்சியில் இருந்து கீழ்நோக்கித் தள்ளினால் கதை வேறு. தோள் சிக்கியிருக்கும்போது அது செய்யக்கூடாத காரியம், சிக்கிய தோளை எலும்போடு இன்னும் இறுக்கத்தான் அது உதவும். இரண்டு கைக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் தூரம் இருக்காது. உங்கள் வழக்கு அந்த ஒன்றரைச் சாணில் நிற்கலாம்.

இன்னொரு கேள்வி, பிறக்கும்போது இடது தோள் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது. எலும்பில் மாட்டுவது பெரும்பாலும் மேல்பக்கத் தோள். காயப்பட்டது கீழ்த்தோள் என்றால் "நீங்கள் இழுத்ததால்தான்" என்று வாதாடுவது கஷ்டமாகிவிடும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, பிரசவக் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். தலை வந்த நேரமும் உடல் வந்த நேரமும் அதிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி பிரசவத்துக்கு முந்தியது. உங்களுக்குச் சீனி இருந்தது, பிள்ளை பெரிது. தோள் சிக்கக்கூடும் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? ஸ்கொட்லாந்தில் 1999இல் இதே போல ஒரு பிரசவம் நடந்தது. தாய் உயரம் குறைந்தவர், நீரிழிவு உள்ளவர். அப்படியான தாய்க்குத் தோள் சிக்கும் ஆபத்து 9 முதல் 10 சதவீதம். அது தெரிந்தும் டொக்டர் அதைப் பேசவில்லை, சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவருடைய எண்ணம். தலைக்கும் உடலுக்கும் இடையில் 12 நிமிடம் போனது. பிள்ளைக்கு மூளைப் பாதிப்பும் வந்தது, ஒரு கையும் செயலிழந்தது. 2015இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்த்து 52.5 லட்சம் பவுண் கொடுக்கச் சொன்னது. மான்ட்கொமரி வழக்கு என்பார்கள். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்தில் எடுத்துக் காட்டலாம். ஒன்றைக் கவனியுங்கள்: நீரிழிவுள்ள தாய்க்கு, பிள்ளையின் மதிப்பிட்ட எடை 4.5 கிலோவைத் தாண்டினால் சிசேரியனைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டி. உங்கள் பிள்ளை 4.2. "ஏன் வெட்டி எடுக்கவில்லை" என்று கேட்பதைவிட "ஏன் எனக்குச் சொல்லவில்லை" என்று கேட்பதுதான் உங்களுக்குப் பலம்.

கையெழுத்து வைத்த கடதாசியை நினைத்துப் பயப்பட வேண்டாம். செய்யப்போகும் சிகிச்சைக்கு நீங்கள் கொடுத்த சம்மதம் அது. கவனயீனத்துக்கு யாரும் சம்மதம் கொடுப்பதில்லை.

இதற்கெல்லாம் விடை வைத்தியசாலையின் கடதாசிகளில் இருக்கிறது. அவற்றை எடுப்பதுதான் இப்போதைய வேலை, வழக்கு இல்லை. கிளினிக்கில் தந்த எச் 512 கார்டு உங்கள் கையில் இருக்கும். சீனிப் பரிசோதனைகளும் வயிற்றின் அளவும் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் இன்றைக்கே படம் எடுங்கள். வீடு திரும்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டையும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தையும் அப்படியே செய்யுங்கள்.

வைத்தியசாலையில் இருப்பது உங்கள் பெட் ஹெட் டிக்கெட், அதாவது வார்ட்டில் உங்களைப் பற்றி எழுதிய கோப்பு. அதற்குள் பிரசவ வலியின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராம், பிரசவக் குறிப்பு, பிறந்தவுடன் பிள்ளையின் நிலைக்குப் போடும் அப்கார் புள்ளிகள், வயிற்றில் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. தாள். சி.டி.ஜி. சூட்டில் அச்சாகும் தாள். பெட்டிக்கடை பில் போல வெளுத்துப் போகும், அதனால் தாமதம் வேண்டாம். அரசாங்க வைத்தியசாலை என்பதால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு உண்டு. அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. மருத்துவப் பதிவுகளை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க அந்தச் சட்டம் தடை வைத்திருக்கிறது, அதனால் விண்ணப்பம் உங்கள் பெயரில் இருக்கட்டும். கணவர் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் உங்கள் எழுத்துச் சம்மதத்தையும் இணையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அங்கேயே மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு. தனியார் வைத்தியசாலை என்றால் இந்தச் சட்டத்தால் பிடிக்க முடியாது, வேறு வழியாகத்தான் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

பார்ட்டோகிராம் என்பது ஒரே ஒரு தாள், கட்டம் போட்டது. பிள்ளையின் இதயத் துடிப்பு, வலி, கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தது என்று ஒவ்வொன்றையும் அதற்குரிய இடைவெளியில் பார்த்துப் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். சில வருடத்துக்கு முன் ஒரு தகப்பன் கொண்டுவந்த போட்டோ கொப்பி இன்னும் ஞாபகம் இருக்கிறது. பின்னேரம் இரண்டரை வரை அழகாகப் புள்ளிகள். பிறகு ஐந்து மணி வரை வெறும் கட்டம். பிள்ளை பிறந்தது ஐந்தேகாலுக்கு. யாரும் எதையும் மறைத்து எழுதவில்லை, எழுதவே இல்லை. பக்கம் பக்கமாக எழுதிய குறிப்பைவிட அந்த வெள்ளைக் கட்டங்கள் பேசின. ஆனால் அந்த மனிதர் என்னிடம் வந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது. இனிக் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்த வழக்கு ரோமன் டச்சுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் போடும் நட்டஈட்டு வழக்கு. எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று சொல்லும் காலாவதிச் சட்டம் 1871ஆம் ஆண்டினது, அதன்படி இரண்டு வருடம். ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு வழக்காளிகள் இருக்கிறார்கள். சிகிச்சைக்குச் செலவழித்த பணம் பெற்றோருடையது, அதற்கு இரண்டு வருடம்தான். அந்தத் தகப்பனுக்குப் போனது இதுதான். பிள்ளையின் வலி, பிள்ளையின் எதிர்கால உழைப்பு, இது பிள்ளையின் உரிமை. வயது வராதவருக்கு எதிராகக் காலாவதி ஓடாது, 18 வயதுக்குப் பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும். அதுவரை பிள்ளையின் பெயரில், சட்டம் 'அடுத்த நண்பர்' என்று சொல்லும் பிரதிநிதியாக நின்று நீங்களோ கணவரோ வழக்குப் போடலாம். அப்படியென்றால் ஆறுதலாகப் போடலாமே என்று நினைக்காதீர்கள். பதினெட்டு வருடம் கழித்து அந்த அறையில் நின்றவர்களில் எத்தனை பேர் நாட்டில் இருப்பார்கள்? எல்லாவற்றையும் இரண்டு வருடத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கே ஓடிப் போடவும் வேண்டாம். ஒரே காயத்துக்கு ஒரே தடவைதான் நட்டஈடு கேட்கலாம். கை எவ்வளவு மீளும் என்று தெரியாமல் இன்று ஒரு தொகை கேட்டுவிட்டு, நாளைக்குச் சத்திரசிகிச்சை வந்தது என்று திரும்பி வர முடியாது. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டும்போது நிலைமை ஓரளவு தெளிவாகும். அப்போது முடிவெடுக்கவும் நேரம் இருக்கும்.

அரசாங்க வைத்தியசாலை என்றால் எதிராளி சட்டமா அதிபர். அரசின் ஊழியர் செய்த தவறுக்கு அரசு பொறுப்பு என்பது 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் இருந்து வருகிறது. வழக்குப் போட ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், மறந்தால் வழக்கே விழுந்துவிடும். ஆகவே இரண்டு வருடத்தை ஒரு வருடம் பதினொரு மாதம் என்று எண்ணுங்கள். வழியில் யாராவது சமாதானம் பேச வந்தாலும், வழக்குப் போட்ட பிறகு பிள்ளையின் சார்பில் நீங்கள் தனியாகத் தலையாட்ட முடியாது, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அது பிள்ளைக்கு நல்லது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு, உங்களுக்கு அது தாண்டிவிட்டது, அதை விடுங்கள். இலங்கை மருத்துவ சபைக்கு சத்தியக்கடதாசியோடு முறைப்பாடு கொடுக்கலாம், ஆனால் அவர்கள் டொக்டரின் ஒழுக்கத்தைத்தான் விசாரிப்பார்கள், ஐந்து சதம் நட்டஈடு தரமாட்டார்கள்.

இப்போது மாமாவின் கோடிக்கு வருவோம். நம் நாட்டில் மருத்துவக் கவனயீனம் என்றாலே சட்டத்தரணிகள் எடுப்பது பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கு. 1992இல் மூளையில் கட்டி வந்து ஒரு சிறுமி இறந்தாள். உரிய பரிசோதனை செய்து நோயைக் கண்டுபிடிக்கவில்லை என்று தகப்பன் வழக்குப் போட்டார், அவரே ஒரு சட்டத்தரணி. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் எடுத்துவிட்டது: கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்று நிரூபிக்கவில்லை என்றது. பெற்றோரின் துக்கத்துக்கு நட்டஈடு இல்லை என்பதையும் அதே வழக்குதான் உறுதியாக்கியது. எனக்கு அந்த நிலைப்பாடு பிடிக்காது, ஆனால் அதுதான் சட்டம். நீங்கள் அழுத இரவுகளை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. பிள்ளையின் கையை எடுக்கும்.

ஆக, பிழை நடந்தது என்று காட்டினால் போதாது, அந்தப் பிழையால்தான் இந்தக் கை இப்படியானது என்றும் காட்ட வேண்டும். அதற்கு ஒரு மகப்பேற்று நிபுணர் சாட்சி சொல்ல வேண்டும். கொழும்பில் எல்லா நிபுணர்களும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். கதவைத் தட்டித் தட்டிக் கை நோகும். வெளிநாட்டு நிபுணரின் அறிக்கை என்றால் செலவு. இதில் அப்பா சொன்னது பாதி சரி. வழக்கு வருடக் கணக்கில் இழுபடும் என்பதையும் நான் மறைக்கவில்லை.

சட்டத்தரணியிடம் போகும்போது கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். புதுக்கடை வாசலில் "கேஸா அம்மா?" என்று கிட்ட வருபவர்களோடு போக வேண்டாம். வருமானம் போதாது என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகமும் புதுக்கடையில்தான் இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கள். கொழும்பில் வழக்கு சிங்களத்தில் நடக்கும். விளங்காவிட்டால் தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை, யாரும் செய்யும் உபகாரம் இல்லை. இன்னொன்று, பிரசவ அறையில் நின்றவர்களின் பெயரையோ படத்தையோ பேஸ்புக்கில் போட வேண்டாம். கணவர் கோபத்தில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். உண்மை தெரிவதற்கு முன்னமே நீங்கள் எதிராளியாகிவிடுவீர்கள்.

இன்றிரவு பிள்ளை தூங்கிய பிறகு ஒரு கொப்பி எடுங்கள். வலி தொடங்கிய நேரத்தில் இருந்து ஞாபகம் உள்ளதை எல்லாம் உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். யார் என்ன சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள், சுவர் மணிக்கூட்டில் எத்தனை மணி, தொடைகளை மடக்கிப் பிடித்தார்களா, அப்போது பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார். மேலே திகதி போட்டு, கீழே கையெழுத்து வையுங்கள். யாரிடமும் கேட்டுத் திருத்த வேண்டாம், நான் எழுதியதை வைத்தும் திருத்த வேண்டாம். அந்தக் கை நெஞ்சுக்குக் கீழே இருந்ததா, அடிவயிற்றில் இருந்ததா என்று ஞாபகம் இல்லை என்றால், ஞாபகம் இல்லை என்றே எழுதுங்கள்.